முதல் உடல்

அத்தனை கேமராக்களுக்கு முன்னால் நடிகை நிலாஞ்சனா செய்தது கோகிலவாணியின் பழக்கம். அது நிலாஞ்சனாவுக்குத் தெரியாது. விருது விழாவைப் பார்த்துக்கொண்டிருந்த கோடிப் பேருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திருப்பூர் அனுப்பர்பாளையத்தில், சுவர்த்திரைக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த சரோஜாதான் முதலில் கண்டுபிடித்தாள். சரோஜா கோகிலவாணியின் அம்மா. பெற்றவள் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது.

"ஏன் அம்முணி, இந்தப் புள்ள உன்னயாட்டவே நிக்குது?"

கோகிலவாணி திரையைப் பார்த்தாள். கத்தரிப்பூ நிறத்தில், தரையைத் தொட்டும் தொடாமலும் விழுகிற உடையில் நிலாஞ்சனா கேமராக்களை நோக்கித் திரும்பினாள். அவளுடைய வலது கை மெல்லப் போய் இடது மணிக்கட்டைத் தடவியது. எதையோ தேடுவது போல ஒரு சுற்று. கிடைக்கவில்லை. பிறகு இடது முழங்கை விலாவோடு வந்து ஒட்டிக்கொண்டது. தலை ஒரு கணம் தாழ்ந்து, மறுபடி நிமிர்ந்தது. மொத்தம் ஏழு விநாடி. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல விருதை வாங்கப் போய்விட்டாள்.

"செத்தேன்" என்றாள் கோகிலவாணி.

"எதுக்குடி சாகறே? அவ உங்கிட்டக் கத்துக்கிட்டாளா? நீ அவளப் பாத்ததே இல்லீன்னு சொன்ன?"

"அவ கத்துக்கலம்மா. துணி கத்துக்கிச்சு."

சரோஜா பனியன் கம்பெனிகளில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங்கில் நின்றவள். துணியில் ஓட்டை இருந்தால் விரல் நுனியிலேயே சொல்லிவிடுவாள். ஆனால் துணி படிக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. மகள் பொறுமையாகச் சொன்னாள். இது தசைநூல். முடியைவிட மெலிசு. கொஞ்சம் மின்சாரம் போனால் சுருங்கும், விட்டால் நீளும். அந்த நூலில் நெய்த உடை புதிதில் சும்மா கிடக்கும். எங்கே மடிய வேண்டும், ஆள் திரும்பினால் எந்தப் பக்கம் விழ வேண்டும், ஒன்றும் தெரியாது. ஒரு உயிருள்ள ஆள் நாற்பது மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எழுந்து, படியேறி, சாப்பிட்டு, கொட்டாவி விட வேண்டும். அப்போதுதான் அது உடம்பைப் படிக்கும். படித்தபின் போடுகிறவரைத் தாங்கிப் பிடிக்கும், நிமிர்த்தும், நடக்க வைக்கும்.

"கன்னுக்குட்டிய ஏர்ல பழக்கற மாதிரியா?"

"அதேதான். என்ன, இங்க கன்னுக்குட்டி துணி. மாடு நானு."

சரோஜா சிரித்தாள். கோகிலவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த உடைகளை நெய்கிற சாயல் நிறுவனத்தில் அவள் வேலையின் பெயர் பழக்குநர். அதற்கு ஒரே ஒரு பெரிய விதி உண்டு: சொந்தப் பழக்கம் எதுவும் துணிக்குள் போகக்கூடாது. மூக்கைத் தேய்க்கிற பழக்கம், காலாட்டுகிற பழக்கம் எல்லாவற்றையும் துணி பழக்குகிற அறையான பழக்கறையின் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். துணி படிக்கிறபோது வளையல், தோடு, ஊக்கு என்று உலோகம் எதுவும் ஆகாது, தசைநூல் குழம்பிவிடும். ஊக்கைக் கழற்றி வைக்கலாம். எதையோ தேடுகிற கையை எங்கே கழற்றி வைப்பது?

இந்த வேலைக்கு அவள் வந்த கதையும் கொஞ்சம் கேவலமானதுதான். கோகிலவாணி ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவள். முதல் பட்டதாரி. சும்மா பேச்சுக்குச் சொல்கிற முதல் பட்டதாரி இல்லை. தாலுகா ஆபீஸுக்கு நாலு தடவை நடந்து வாங்கிய சான்றிதழ் இருக்கிறது. நூல் பிரிவில் இன்ஜினியர் வேலைக்குத்தான் மனுப் போட்டாள். நேர்முகத்துக்குப் போனபோது யாரும் மார்க் ஷீட்டைத் திறக்கவில்லை. ஒருத்தன் டேப்பை எடுத்தான். தோள், இடுப்பு, கை நீளம், கழுத்து. நிலாஞ்சனாவின் அளவும் அவள் அளவும் அரை அங்குலம்கூட மாறவில்லை என்று அவர்களுக்குள் இங்கிலீஷில் சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள். எட்டாவது செமஸ்டர் வரை ஒரு அரியர் இல்லாமல் படித்தவளை அவள் இடுப்புக்காக எடுத்தார்கள்.

விழா முடிந்த மூன்றாம் நாள் ஒரு செய்தி வாசிப்பாளர் அதையே செய்தாள். பெயரும் வந்துவிட்டது: நிலா அணைப்பு. அந்த வாரக் கடைசியில் எதிர்வீட்டுக் கல்யாணத்தில் போட்டோக்காரர் மணப்பெண்ணிடம், "மேடம், முழங்கையக் கொஞ்சம் அணைச்சாப்ல, ஆங், எதையோ தொலைச்ச மாதிரி பாருங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மணப்பெண் இரண்டு கையிலும் பன்னிரண்டு பன்னிரண்டு வளையல் போட்டுக்கொண்டு எதையோ தொலைத்த மாதிரி பார்த்தாள்.

கோகிலவாணி பந்தியில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். எரிச்சலாக வந்தது. கொஞ்சம் குஷியாகவும் இருந்தது. கூனிக் குறுகுறது எப்படின்னு நீங்களும் கத்துக்கங்கடி என்று மனசுக்குள் சொன்னாள்.

*

திங்கட்கிழமை இஷான் கூப்பிட்டுவிட்டான். சாயலின் முதலாளியும் அவன்தான், வடிவமைப்பாளனும் அவன்தான். அவன் அறையில் நாற்காலி இருப்பது அன்றைக்குத்தான் கோகிலவாணிக்குத் தெரிந்தது. அதற்கு முன் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

"பயப்படாத. திட்டறதுக்குக் கூப்பிடல" என்றான். "நாலு லட்சம் பேர் அந்த டிரஸ்ஸக் கேக்கறாங்க. டிரஸ்ஸ இல்ல, அந்த ஏழு செகண்ட. எல்லாத் துணியிலயும் அதப் பதிச்சுத் தரப் போறோம். உனக்கு என்ன வேணும், கேளு."

அவள் யோசிக்கவே இல்லை. "நூல் பிரிவுல இன்ஜினியர் வேல."

"முடிஞ்சுது."

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற எதையும் கோகிலவாணி நம்புவதில்லை. இஷான் ஒரு தாளை நகர்த்தினான். அவள் தாளை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற குடும்பத்திலிருந்து வந்தவள் என்பதாலேயே அவளுக்கு அந்தப் பழக்கம்.

ஒரு அசைவை யார் முதலில் செய்தாரோ அவருக்கே அது சொந்தம் என்று சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நடனக்காரர்கள் போராடி வாங்கிய சட்டம். அந்த ஆளுக்குச் சட்டம் வைத்த பெயர் முதல் உடல். சாயல் அந்த அசைவைத் தன் பெயரில் பதிய வேண்டுமானால், முதல் உடல் தான் இல்லை என்று கோகிலவாணி எழுதித் தர வேண்டும். தாளில் இருந்தது இதுதான்: இந்த அசைவு என்னுடையதல்ல. நிறுவனத்தின் வடிவமைப்பாளர் சொல்லிக்கொடுத்தபடி செய்தேன். இனிமேல் பொது இடங்களில் இதைச் செய்யமாட்டேன்.

"என்ற கைய நானு மடக்கக்கூடாதுங்களா சார்?"

"தாராளமா மடக்கு. அந்த வரிசையில, பொது இடத்துல வேணாம்னு சொல்றோம். அவ்வளவுதான்."

"பஸ் ஸ்டாண்டுல நாலு பேரு உத்துப் பாத்தா என்ற கை அங்கதானுங் போவுது. போனா கேஸ் போடுவீங்ளா?"

இஷான் பெருமூச்சு விட்டான். "கோகிலா, கொஞ்சம் நன்றியோட யோசி. உன்ன மாதிரி எடத்துலருந்து வர்ற ஒரு பொண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்?"

நன்றி. இந்த வார்த்தையைக் கேட்டாலே கோகிலவாணிக்கு உள்ளங்கால் வரை எரியும். ஐந்தாம் வகுப்பில் இலவச நோட்டு கொடுத்த சங்கத்தார் அவளை மேடையில் நிற்கவைத்து மூன்று தடவை நன்றி சொல்ல வைத்தார்கள். முதல் இரண்டும் மைக்கில் கேட்கவில்லையாம். உதவித்தொகை கொடுத்த நகைக்கடை அவள் போட்டோவைக் காலண்டரில் போட்டது. கொடுக்கிறவன் கை மேலே, வாங்குகிறவள் கண் கீழே, நடுவில் ஒரு போட்டோக்காரர். நன்றி என்றால் அவளுக்கு அதுதான்.

"வியாழக்கெழம வரைக்கும் டைம் குடுங் சார்" என்று எழுந்தாள்.

வீட்டில் சரோஜா நேராக விஷயத்துக்கு வந்தாள். "போட்டுட்டுப் போ. இன்சினீர் வேலைக்குத்தான் படிச்ச. முழங்கைதான, போனாப் போவுது."

"பொய்ம்மா அது. அந்த ஆளு எனக்கு ஒண்ணுஞ் சொல்லிக் குடுக்கல. அது என்னுது."

"அப்படி எங்கிருந்துதான் வந்துச்சு உனக்கு அந்தப் பழக்கம்? சின்னப் புள்ளையில இல்லியே."

அதுவரை அம்மாவிடம் சொல்லாத ஒன்றை அப்போது சொன்னாள்.

கோயமுத்தூரில் கடைசி வருஷம். ப்ராஜெக்ட் வைவா நாள். இருந்ததிலேயே நல்ல குர்தியைப் போட்டுக்கொண்டு, துப்பட்டா இல்லாமல், வைவா அறைக்கு வெளியே நடையில் காத்திருந்தாள். சார்ட் பலகையைச் சுவரில் மாட்டக் கையைத் தூக்கினபோது வலது அக்குளில் தையல் நாலு விரல் அளவுக்குப் பிய்ந்துவிட்டது. அடுத்த பெயர் அவளுடையது. உள்ளே வெளியூரிலிருந்து வந்த நாலு பேராசிரியர்கள். சுற்றிலும் இஸ்திரி போட்ட சட்டையில் பையன்கள். யாரிடம் போய்ச் சொல்ல?

அப்போது கேன்டீனிலிருந்து டீ எடுத்துக்கொண்டு ஒரு அக்கா வந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும். எல்லாரும் அவளை டீ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கோகிலவாணியைப் பார்த்தாள், ஒரு கேள்வி கேட்கவில்லை, தட்டை ஜன்னல் மேடையில் வைத்தாள். இடது கை வளையலைத் தடவினாள். ஊக்கு கோத்து வைத்திருக்கிற வளையல் போலிருக்கிறது. அன்றைக்கு அதில் ஒன்றும் இல்லை. சுவர்ப்பக்கம் ஒரு கணம் திரும்பினாள். மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது கையில் ஒரு ஊக்கு இருந்தது.

"தாலிக்கொடியில மாட்டியிருந்தது போல" என்றாள் கோகிலவாணி. "உள்பக்கமா மடிச்சு அப்படிக் குத்துனாம்மா. ஒருத்தருக்கும் தெரியல. போ கண்ணு, நிமுந்து நில்லுன்னா. அதுக்குள்ள என்ற பேரக் கூப்பிட்டுட்டாங்க."

"அப்பறம்?"

"அப்பறமென்ன, உள்ள போனேன். நல்லாத்தான் பேசுனேன். பாதியில அதே அக்கா எம்பின்னாடி கதவத் தொறந்துட்டு டீ கொண்டாந்தா. என்னத் தாண்டிப் போயி மேசையில வெக்கறப்பத் தட்டு சாஞ்சு டீ கொட்டிப்போச்சு. ஒரு சார் புடிச்சு வஞ்சாரு, தட்டக்கூட ஒழுங்காப் புடிக்கத் தெரியாதான்னு. நான் கம்முனு நின்னேன். எனக்குத்தான் அன்னைக்கு மொத மார்க்கு."

"அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

கோகிலவாணி தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த ஊக்கு அவள் பையின் ஜிப்பில் ஐந்து வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்துதான் யாராவது உற்றுப் பார்த்தால் கை தானாக அதைச் செய்தது. கிழிசலை மூடின ஞாபகம் என்று நினைத்துக்கொண்டாள்.

*

புதன்கிழமை நிலாஞ்சனா அடுத்த உடைக்கு அளவு கொடுக்க வந்தாள். நட்சத்திரமும் பழக்குநரும் ஒரே அறையில் இருக்கக்கூடாது என்பது இன்னொரு விதி. தான் போடுவது வேறொருத்தி போட்டுக் கழற்றியது என்று நட்சத்திரத்துக்குத் தோன்றக்கூடாதாம். ஆனால் நிலாஞ்சனா பழக்கறைக் கதவைத் தானே திறந்துகொண்டு உள்ளே வந்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பூச்சு எதுவும் இல்லாத முகத்தில் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தது.

"நீதானா அது?"

"ஆமாங்க்கா." மேடம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆள் தரையில் உட்கார்ந்திருந்ததால் அக்கா வந்துவிட்டது.

"எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சாகணும். அன்னிக்கு மேடையில அத நான் செய்யல. துணிதான் செஞ்சுது. மொதல்ல பயந்துட்டேன். அப்புறம் அந்த முழங்க விலாவுல வந்து ஒட்டுச்சு பாரு." நிறுத்தினாள். "பதினஞ்சு வருஷமா என்னத் தெறக்கச் சொல்லித்தான் எல்லாரும் துணி தைக்கறான். மொத தடவையா ஒரு துணி என்ன மூடி விட்டுச்சு. யாரோ நம்ம பக்கம் நிக்கற மாதிரி இருந்துச்சு. இப்ப துணி இல்லாமயே கை அங்க போவுது. எங்கருந்து வந்துச்சு அது?"

கோகிலவாணி கிழிந்த குர்தியின் கதையை மறுபடி சொன்னாள். இரண்டாம் தடவை சொல்வதால் சுருக்கமாக வந்தது. நிலாஞ்சனா கண்ணை மூடிக் கேட்டாள். கேட்டு முடித்து, எழுந்து, கையை அப்படியும் இப்படியும் வைத்துப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் கிழிஞ்சுதுன்ன?"

"வலது."

"அப்ப எதுக்கு இடது முழங்க மூடுது?"

கோகிலவாணிக்குப் புரியவில்லை.

"நான் ஹீரோயின் ஆகறதுக்கு முன்னாடி பத்து வருஷம் குரூப் டான்ஸ்ல பின்வரிசை. முன்னாடி நிக்கறவ ஒடம்பப் பாத்துத்தான் சோறு சாப்ட்டேன். ஒடம்பு பொய் சொல்லாது. வலது பக்கம் கிழிஞ்சவ வலது கையத்தான் மூடுவா. அது மட்டும் இல்ல, உனக்குத்தான் ஊக்குக் குத்தியாச்சே. மூடவே வேண்டாமே. சரி, மூடறதுக்கு முன்னாடி எதுக்கு மணிக்கட்டத் தேடற? உன் கையில வளையல் இருந்துச்சா?"

"எனக்கு வளையல் போடற பழக்கமே இல்லீங்க்கா."

"அப்ப இது நீ இல்ல கண்ணு. இது நீ பாத்த யாரோ."

கோகிலவாணி அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

காலி வளையலைத் தடவின கை. சுவர்ப்பக்கம் திரும்பின முதுகு. அந்த ஊக்கு தாலிக்கொடியிலிருந்து வரவில்லை. அந்த அக்காவின் இடது அக்குளில், கிழிந்த ஜாக்கெட்டில், அவளுடைய மானத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஊக்கு அது. அதைக் கழற்றி இவளுக்குக் குத்திவிட்டு, இடது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, ஒரு கையால் தட்டைத் தாங்கி, நாலு பேராசிரியர்களுக்கு முன்னால் போயிருக்கிறாள். பின்னாலிருந்து வந்து, இவளைத் தாண்டி, இவள் கண்ணுக்கு நேரே நடந்து போனாள். தட்டு சாயாமல் என்ன செய்யும்? வசவு வாங்கினபோதுகூட முழங்கையைத் திறக்கவில்லை. கோகிலவாணி தன் ப்ராஜெக்ட்டைப் பற்றி நல்ல இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் மூளை எதையும் பார்க்கவில்லை. உடம்பு எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டது.

"அழாத" என்றாள் நிலாஞ்சனா.

"அழலீங்க்கா. கோவமா வருது."

"யார் மேல?"

"என்ற மேலதான். அஞ்சு வருசமா அத என்ற அவமானம்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

நிலாஞ்சனா போகும்போது வாசலில் திரும்பி நின்றாள். "அவங்களப் பாத்தீன்னா, நான் சொன்னேன்னு சொல்லு." என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. நன்றி என்கிற அந்த வார்த்தைக்கு நிலாஞ்சனாவும் கூச்சப்படுகிறவள் போலிருக்கிறது.

*

வியாழக்கிழமை கோகிலவாணி தாளை எடுத்துக்கொண்டு இஷானின் அறைக்குப் போனாள். கையெழுத்துப் போட்டிருந்தாள். இஷானின் முகம் மலர்ந்தது. படித்ததும் சுருங்கியது.

முதல் வரியை அவள் தொடவில்லை: இந்த அசைவு என்னுடையதல்ல. மற்ற இரண்டையும் அடித்துவிட்டுக் கீழே பேனாவால் எழுதியிருந்தாள்: சாயல் நிறுவனத்தினுடையதும் அல்ல. முதல் உடல், எங்கள் கல்லூரிக் கேன்டீனில் டீ கொண்டுவந்த அக்கா. பெயர் தெரியாது. தெரிந்துகொள்ளாதது என் தவறு.

"இதோட அர்த்தம் தெரியுமா உனக்கு? முதல் உடல் வேற ஆள்னு ஒரு வரி இருந்தாப் போதும், அந்த ஆள் வந்து ஒப்புதல் தர்ற வரைக்கும் பதிய மாட்டாங்க. நம்மளால தடுக்கவே முடியாது. நாளைக்கே ஊர்ல இருக்கறவன் எல்லாம் காப்பியடிப்பான்."

"தெரியுங் சார். சட்டத்தப் படிச்சேன்."

"அந்தப் பொம்பள யாருன்னே தெரியாதுங்கற. கொஞ்சமாவது நன்றி இருந்தா..."

"அதத்தானுங் சார் இப்பப் பண்ணிட்டிருக்கேன்."

பழக்குநர் வேலையும் அன்றே போயிற்று. வீட்டுக்கு வந்து சொன்னாள். சரோஜா நூல்கண்டு போல மகளையே உருட்டி உருட்டிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள், "கோயமுத்தூருக்கு எந்த பஸ்ஸுக்குப் போற? வெறுங்கையோட போவாத. ஒரு சீப்புப் பழம் வாங்கிட்டுப் போ."

ஆனால் அன்றைக்கே போக அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. போய் நின்று என்ன சொல்வது? மூன்று தடவை மைக்கில் சொன்ன அந்த வார்த்தையையா? ஒரு மாசம் ஓடிவிட்டது. அதற்குள் சாயல் மட்டுமில்லாமல் எல்லாக் கம்பெனியும் அந்த ஏழு விநாடியைப் போட்டு டாப்ஸ் விட்டது. பிளாட்பாரக் கடைக்கும் வந்துவிட்டது. இவளும் நாலைந்து நூல் ஆலைக்கு மனுப் போட்டாள். ஒரு சின்ன ஆலையில் மார்க் ஷீட்டைத் திறந்து பார்த்தார்கள், டேப்பை எடுக்கவில்லை. திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். சனிக்கிழமை காலையில் பூவன் பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கேன்டீன் அதே இடத்தில்தான் இருந்தது. டீ அக்கா கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயர் இருந்தது: ருக்குமணி. அந்த அட்டை அன்றைக்கும் இருந்திருக்கும். இவள்தான் படிக்கவில்லை.

"அக்கா, அஞ்சு வருசத்துக்கு முந்தி எனக்கு ஒரு ஊக்குக் குடுத்தீங். வைவா அன்னைக்கு."

ருக்குமணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எத்தன புள்ளைங்களுக்குக் குடுத்திருப்பேன் கண்ணு. நெனப்பில்லியே."

"அன்னைக்கு உள்ள டீ கொட்டி, ஒரு சார் வஞ்சாரு."

"அட, அந்த மொட்டத்தல சாரா? அது நல்லா நெனப்பிருக்குது. வீணாப்போனவன், அத்தன பேரு முன்னாடி." கொடுத்தது மறந்துபோயிருந்தது, வாங்கின வசவு மறக்கவில்லை. கோகிலவாணி பழத்தை நீட்டினாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. நிலாஞ்சனாவைப் பற்றிச் சொன்னாள், சட்டத்தைப் பற்றிச் சொன்னாள், நீங்கதான் முதல் உடல், நீங்க கேட்டா அந்த ஏழு விநாடி உங்களுக்கே சொந்தம் என்றாள்.

பாதிதான் காதில் வாங்கிய ருக்குமணி ஒரு பழத்தைப் பிய்த்து உரித்தாள். "கைய மடக்கறதுக்கெல்லாம் பட்டாவா? இருக்கட்டும் போ, ஆரு வேணா மடக்கிக்கட்டும்." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாய்க் குரலைத் தாழ்த்தினாள். "நீ துணிப் படிப்புப் படிச்சவதான? ஒண்ணு கேக்கோணும். இப்ப வர்ற துணியெல்லாம் ஏன் இத்தன மட்டமா இருக்குது? இந்த ஒரு மாசமாப் பாக்கறேன், இந்தக் காலேஜுப் புள்ளைங்க அத்தன பேருக்கும் கக்கத்துல கிழிஞ்சு போவுது. பாவம், வெளிய சொல்ல மாட்டாம முழங்கைய ஒட்டிக்கிட்டு, ஊக்கத் தேடிக்கிட்டே நடக்குதுங்க. நானும் ஊக்கு அட்ட அட்டையா வாங்கிக் குடுத்து மாளல."

கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டாள். நாடே அழகு என்று கொண்டாடுகிற அசைவு இவள் ஒருத்திக்குத்தான் என்னவென்று சரியாகப் புரிந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தாள். மேசைகளில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப்பேர் மணிக்கட்டில் வளையலிலும் கயிற்றிலும் ஊக்கு தொங்கியது. புதுப் பாணி என்று நினைத்துவிட்டார்கள் போல.

அப்போது வாசலில் ஒரு பெண் நுழைந்தாள். முதல் வருஷமாக இருக்கும். மாம்பழ மஞ்சளில் புது டாப்ஸ். நாலு பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய வலது கை இடது மணிக்கட்டைத் தடவியது. இடது முழங்கை விலாவோடு ஒட்டியது.

"இன்னொண்ணு" என்று முணுமுணுத்து ருக்குமணி எழுந்தாள். அவள் கை தன் வளையலைத் தடவியது. ஒரு சுற்று. காலி. இருந்ததெல்லாம் கொடுத்துத் தீர்ந்திருந்தது. அடுத்து என்ன என்று கோகிலவாணிக்கு நன்றாகத் தெரியும். ருக்குமணி ஏற்கெனவே சுவர்ப்பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தாள்.

"இருங்க்கா. உங்களுது உங்ககிட்டயே இருக்கட்டும்."

கோகிலவாணி தன் பையின் ஜிப்பிலிருந்து அந்த ஊக்கைக் கழற்றி, அந்தப் பெண்ணிடம் போய் நீட்டினாள்.

"எனக்கு எதுவும் கிழியலையேக்கா" என்றாள் அவள், குழம்பிப்போய்.

"தெரியும். வாங்கி வெச்சுக்கோ. எப்பவாச்சும் எவளுக்காவது வேணும்."

திரும்பி வந்தபோது ருக்குமணி இரண்டு டீ போட்டு வைத்திருந்தாள். தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.